பழுது வரும் நாளுக்கான ஒயரிங்

வீட்டு ஒயரிங் மேடையில் பேசுவதற்குரிய பொருளா என்று சிலருக்குத் தோன்றலாம். இந்தியாவில் மின்சாரம் தாக்கி இறப்பவர்கள் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் விபத்து அறிக்கைகள் சொல்லிவருகின்றன. வயலிலும் தெருவிலும் தொழிற்கூடத்திலும் நேர்ந்தவை அதில் உண்டு. குளியலறையிலும் சமையல்கட்டிலும் நேர்ந்தவையும் உண்டு. இந்தப் பெரிய கணக்கில் ஒரு சிறு பகுதியை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்: ஏற்கெனவே ஒயரிங் உள்ள பழைய வீட்டில் அதை மாற்றிச் செய்யும் வேலை. புது வீட்டு வேலையைவிட இதில்தான் தவறு நுழைய வழி அதிகம். பழையதில் பாதி சுவருக்குள் மறைந்திருக்கிறது. வீட்டில் ஆட்கள் குடியிருப்பதால் அவசரமும் சேர்ந்துகொள்கிறது. முடித்த வேலையை வெளியாள் யாரும் வந்து பார்ப்பதில்லை. நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஓர் ஒயரிங் நல்லதா கெட்டதா என்பதை, எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளை வைத்துச் சொல்லவே முடியாது. ஏதோ ஒன்று பழுதாகும் நாளில் அது என்ன செய்யும் என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். நம் ஊரிலோ சுவிட்சைப் போட்டு விளக்கு எரிந்தால் வேலை முடிந்தது, கூலியைக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறோம். கெட்ட பழக்கங்களில் பெரும்பாலானவை இந்த அளவுகோலின் பிள்ளைகள்.

எழுபதுகளில் கட்டிய ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். கூடத்தில் ஒரு டியூப்லைட், அறைக்கு ஓர் அறுபது வாட் பல்பு, ஒன்றிரண்டு ஃபேன், ஒரு ரேடியோ. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டாலும் மூன்று ஆம்பியர் தாண்டாது. மரச்சட்டத்தின் மேல் கிளிப் அடித்து ஓடிய அந்த ஒயர், அந்தச் சுமைக்குத் தாராளமாகப் போதும். அதே வீட்டில் இன்று இரண்டு கிலோவாட் கீசர் ஒன்று, ஏ.சி. இரண்டு, இன்டக்‌ஷன் அடுப்பு, வாஷிங் மெஷின், கிரைண்டர், தண்ணீர் மோட்டார். கீசர் ஒன்று மட்டுமே எட்டரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஆகவே மறு ஒயரிங் என்று வரும்போது முதல் கேள்வி பழைய ஒயர் எத்தனை வயது என்பதாக இருக்கக் கூடாது. இந்த வீடு இன்றைக்கும் இன்னும் பத்து ஆண்டுக்கும் எவ்வளவு மின்சாரம் கேட்கும், அதை எத்தனை தனித்தனி லைன்களாகப் பிரிக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். பழைய லைன் எப்படிப் போனதோ அப்படியே புது ஒயரை இழுத்துவிட்டு மறு ஒயரிங் என்று பெயர் வைத்தால், ஐம்பது ஆண்டுக்கு முந்தைய வீட்டையே புதுச் செம்பில் மீண்டும் கட்டியதாகத்தான் ஆகும்.

மின்னோட்டம் இருமடங்கானால் ஒயரில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும். நாம் வீட்டில் போடும் சாதாரண பி.வி.சி. ஒயரின் உறை எழுபது டிகிரி செல்சியஸ் வரை தாங்கத் தகுந்தது. பைப்புக்குள் மூடிக்கிடக்கும் ஒயர், அதுவும் மே மாதத்து மொட்டைமாடித் தளத்துக்குள், வெறுங்காற்றிலே கிடப்பதுபோல் சூட்டை வெளியே விடாது. பத்து டிகிரிக்கு அருகே சூடு கூடும்போதெல்லாம் உறையின் ஆயுள் பாதியாகும் என்பது மின்பொறியாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் தோராயக் கணக்கு. இதைத் தடுக்கத்தான், மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கும் எம்.சி.பி. இருக்கிறது. ஆனால் நடப்பது என்ன? அறையில் ஏ.சி. மாட்டியதும் எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது. “பெருசா ஒண்ணு போட்டுடுறேன் சார்” என்று பதினாறு ஆம்பியரைக் கழற்றி முப்பத்திரண்டை மாட்டிவிடுகிறார்கள். விழுவது நின்றுவிடுகிறது; வீட்டுக்காரருக்கும் திருப்தி. சுவருக்குள் இருப்பது ஒன்றரை சதுர மில்லிமீட்டர் ஒயர். பைப்புக்குள் அது பதினைந்து ஆம்பியர் சுமந்தாலே அதிகம். முப்பத்திரண்டு ஆம்பியர் எம்.சி.பி.யோ, தர விதிப்படி, முப்பத்தாறு ஆம்பியரை ஒரு மணி நேரம் விழாமல் விட்டாக வேண்டியது. அந்தச் சூடு ஒயர் தாங்கக்கூடியதைப்போல ஏறக்குறைய ஆறு மடங்கு. பழைய பியூஸ் கட்டையிலும் இதே கதை நடந்தது. பியூஸ் கம்பி கிடைக்காத இரவில் கையில் கிடைத்த ஒயரை உரித்துக் கட்டுவார்கள். 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்புக் கம்பி உருக வேண்டுமானால் ஏறத்தாழ நூறு ஆம்பியர் வேண்டும். அதற்குள் வீட்டு ஒயர் எரிந்து முடிந்திருக்கும். எம்.சி.பி. விழுகிறது என்றால் ஒயர் போதவில்லை என்று பொருள். அங்கே மாற்ற வேண்டியது ஒயரை. ஏ.சி.க்கும் கீசருக்கும் போர்டிலிருந்தே தனி லைன், நான்கு சதுர மில்லிமீட்டரில், வந்தாக வேண்டும். கடையில் கேட்கும்போதும் மூணு இருபத்திரண்டு, ஏழு இருபது என்ற பழைய கேஜ் எண்களை விட்டுவிட்டு, சதுர மில்லிமீட்டர் சொல்லி, ஐ.எஸ். 694 முத்திரை பார்த்து வாங்குவது நல்லது.

ஒயரைவிட ஆபத்தானது ஒயரும் ஒயரும் சேரும் இடம். பழைய பைப்பில் புது ஒயர் நுழைய மறுக்கிறது; பாதி வழியில் பழையதோடு முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி, உள்ளே தள்ளிவிடுகிறார்கள். அந்த முறுக்கு நாளடைவில் தளர்ந்து அரை ஓம் தடை காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பதின்மூன்று ஆம்பியர் ஓடும்போது அங்கே இழக்கும் மின்னழுத்தம் ஆறரை வோல்ட். 230 வோல்ட்டில் ஆறரை குறைந்ததை யார் கவனிப்பார்? ஆனால் அந்தச் சுண்டைக்காய் அளவு இடத்தில் பிறக்கும் வெப்பம் 84 வாட். ரேடியோ பழுது பார்ப்பவர் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்னுக்கு 25 வாட் போதும். எந்த எம்.சி.பி.யும் இதைக் காணாது, ஏனென்றால் ஓடும் ஆம்பியர் அளவுக்கு உட்பட்டதே. ஆகவேதான் பைப்புக்குள் ஒட்டு கூடவே கூடாது. ஒட்டு தேவையானால் திறந்து பார்க்கக்கூடிய ஜங்ஷன் பாக்ஸில், கனெக்டரில் முடுக்கி, இருக்க வேண்டும். செம்பு இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் நம் வீடுகள் பலவற்றில் அலுமினிய ஒயர் போட்டார்கள். அலுமினியம் திருகுக்கு அடியில் மெல்ல நசுங்கி விலகும். மேலே படியும் ஆக்சைடு மின்சாரத்தைத் தடுக்கும். அமெரிக்காவில் 1972க்கு முன் அலுமினிய ஒயர் போட்ட வீடுகளில் இணைப்புகள் தீப்பிடிக்கும் நிலையை எட்டும் வாய்ப்பு, செம்பு ஒயர் வீடுகளைவிட 55 மடங்கு என்று அந்நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்காக நடந்த ஆய்வு கண்டது. பழைய அலுமினியத்தோடு புதுச் செம்பை நேராக முறுக்குவது இரண்டு கேட்டையும் ஒன்றாகக் கட்டுவது. த்ரீ பேஸ் வீடுகளில் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: மெயினில் நியூட்ரல் இணைப்பு விட்டுப்போனால், சுமை குறைந்த பேஸில் மின்னழுத்தம் 400 வோல்ட்டை நோக்கி ஏறும். டி.வி.யும் ஃபிரிட்ஜும் ஒரே நொடியில் கருகுவது பெரும்பாலும் இதனால்தான்.

இனி உயிர்ப் பாதுகாப்புக்கு வருகிறேன். எம்.சி.பி. போட்டாயிற்று, இனி ஷாக் அடிக்காது என்ற நம்பிக்கை நம்மிடம் வேரூன்றிவிட்டது. எம்.சி.பி. காப்பது ஒயரை; மனிதரை அல்ல. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்சியல் தன்னார்வலர்களைக் கொண்டு அளந்தபோது, பிடித்த கம்பியைத் தாமாக விட முடிகிற எல்லை ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்குப் பத்தரை மில்லி ஆம்பியர் என்று தெரிந்தது. அதற்கு மேல் போனால் தசை இறுகிக் கை கம்பியோடு ஒட்டிக்கொள்ளும். ஈரக் கையோடு 230 வோல்ட்டைத் தொடுபவர் உடலில் நூறு, இருநூறு மில்லி ஆம்பியர் ஓடலாம். இதயத்தை நிறுத்த அது போதும். ஆறு ஆம்பியர் எம்.சி.பி. விழ வேண்டுமானால் ஆறாயிரம் மில்லி ஆம்பியருக்கு மேல் வேண்டும். ஒருவர் துடித்துக்கொண்டிருக்கும்போது அந்த எம்.சி.பி.க்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது.

எர்த் இருக்கிறதே என்பது அடுத்த பதில். மின்வாரியம் நமக்குத் தருவது பேஸும் நியூட்ரலும். எர்த் நம் வீட்டு மண்ணில் நாமே போட்டுக்கொள்வது. அந்த எர்த் குழியின் தடை இருபது ஓம் என்று கொள்ளுங்கள். மணற்பாங்கான இடத்தில், கோடையில், இது அரிய அளவன்று. கீசரின் உள்கம்பி பழுதாகி அதன் உடம்பில் பேஸ் பாய்ந்தால், எர்த் வழியே ஓடுவது பதினொன்றரை ஆம்பியர்தான். பதினாறு ஆம்பியர் எம்.சி.பி. அதைக் கீசரே ஓடுகிறது என்று எண்ணி விட்டுவிடும். கீசரின் உடம்பிலும் குழாய்த் தண்ணீரிலும் உயிரெடுக்கும் மின்னழுத்தம் நிற்கும். மிக நல்ல எர்த், ஐந்து ஓம்தான் என்றாலும், ஓடுவது 46 ஆம்பியர். எம்.சி.பி. உடனடியாக விழும் அளவை அது எட்டாது. சூடேறி விழச் சில நொடிகளோ அதற்கு மேலுமோ ஆகும். எர்த்தைச் சோதிக்க நம்மவர் செய்வது, பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே நூறு வாட் பல்பு ஒன்றைக் கொடுத்துப் பார்ப்பது. பல்பு பளிச்சென்று எரிந்தால் எர்த் சூப்பர் என்பார்கள். அந்தப் பல்பின் தடை 529 ஓம். எர்த் ஐம்பது ஓம் இருந்தாலும் பல்புக்கு 210 வோல்ட் கிடைத்துவிடும். கண்ணால் பார்த்து வேறுபாடு சொல்ல முடியாது. ஐம்பது ஓம் எர்த்திலோ எந்த எம்.சி.பி.யும் அசையாது. விளக்கு எரிந்தால் போதும் என்ற அளவுகோல் எவ்வளவு பொல்லாதது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. டெஸ்டரைப் பற்றியும் இதையே சொல்லலாம்: பேஸ் இருக்கிறதா என்பதோடு அதன் வேலை முடிந்தது.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் ஆர்.சி.சி.பி. இருக்கிறது, பழக்கத்தில் இ.எல்.சி.பி. என்கிறோம். பேஸில் போன மின்னோட்டம் முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று அது ஓயாமல் ஒப்பிடுகிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் 0.3 நொடிக்குள் துண்டித்தாக வேண்டும். குறைவது 150 மில்லி ஆம்பியரானால் 0.04 நொடிக்குள். அதோடு ஐம்பது ஓம் எர்த்தும் சேர்ந்தால், கீசர் உடம்பில் ஒன்றரை வோல்ட் ஏறும்போதே லைன் போய்விடும், எவர் கையும் அதைத் தொடுமுன். இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்யும்: எர்த் இல்லாத ஆர்.சி.சி.பி., ஒரு மனிதர் தொட்ட பிறகுதான் விழும். ஒரு கையில் பேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடிப்பவரை அதுவும் காப்பாற்றாது. அதிக சுமையையும் அது தடுக்காது, அதற்கு எம்.சி.பி. வேண்டும். கடையில் 100, 300 மில்லி ஆம்பியர் வகைகளும் கிடைக்கின்றன. அவை தீயைத் தடுக்க உதவலாம், உயிருக்கு 30தான். அதன் முகத்திலே இருக்கும் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும்.

“பழைய வீட்டில் இதைப் போட்டால் நிற்காது சார், சும்மா சும்மா டிரிப் ஆகும்” என்பது நான் மதித்துப் பதில் சொல்ல வேண்டிய எதிர்வாதம். சொல்வது உண்மை, டிரிப் ஆகத்தான் செய்யும். பழைய ஒயரிங்கில் மாடிப்படி விளக்குக்குப் பேஸ் கீழ்வீட்டு லைனிலிருந்தும் நியூட்ரல் மேல்வீட்டு லைனிலிருந்தும் வந்திருக்கும். ஒரு லைனில் போனது இன்னொரு லைனில் திரும்பினால் ஆர்.சி.சி.பி. பொறுக்காது. ஏதாவது ஒரு போர்டில் எர்த் கிடைக்காமல் நியூட்ரலையும் எர்த்தையும் முடிச்சுப் போட்டிருப்பார்கள். கார்த்திகை மார்கழி ஈரத்தில் சுவருக்குள் ஊறிய ஒயர் சொட்டுச் சொட்டாகக் கசியும். இவை ஒவ்வொன்றும் அந்த வீட்டில் ஏற்கெனவே இருந்த நோய். கருவி அதைக் காட்டிக்கொடுக்கிறது. அதைக் கழற்றி, இரண்டு முனையையும் நேராகச் சேர்த்துவிட்டு, பெட்டிக்குள் பெயருக்கு விட்டுவைப்பது நம் மறு ஒயரிங்கில் நடக்கும் மிகக் கெட்ட செயல் என்பேன், ஏனென்றால் வீட்டுக்காரர் காவல் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருப்பார். ஒன்று விழுந்தால் வீடே இருளாகிறது, ஃபிரிட்ஜில் மாவு கெடுகிறது என்பவர்களுக்கும் பதில் உண்டு. மொத்த வீட்டுக்கும் ஒன்று என்பதை விட்டு, சமையல்கட்டு, குளியலறை, மற்றவை என இரண்டு மூன்றாகப் பிரித்துப் போடலாம். தாழ்வான பகுதிகளில் தரைத்தளத்துக்கே தனியாக ஒன்று வைத்து, பிளக் பாயின்ட்டுகளையும் உயர்த்திவிட்டால், 2015 டிசம்பரில் வேளச்சேரியும் முடிச்சூரும் கண்டதுபோன்ற வெள்ளத்தில் கீழ்தளத்தை மட்டும் அணைத்துவிட்டு மாடியில் இருக்கலாம்.

இன்வெர்ட்டரைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். நீண்ட மின்வெட்டு இருந்த ஆண்டுகளில் நம் வீடுகளில் அவசர அவசரமாக இது புகுந்தது. விளக்குக்கும் ஃபேனுக்கும் பேஸை மட்டும் பிரித்து இன்வெர்ட்டருக்குக் கொடுத்துவிட்டு, நியூட்ரலை எல்லாவற்றுக்கும் பொதுவாக விட்டுவிட்டார்கள். ஆர்.சி.சி.பி. இதை ஏற்காது என்பது ஒரு பக்கம். மறுபக்கம், பழுது பார்க்க மெயினை அணைத்தவர் வீடே அடங்கிவிட்டது என்று நம்பி போர்டைத் திறக்கிறார். மெயின் போன அந்த நொடியிலேயே இன்வெர்ட்டர் விழித்துக்கொண்டு பேட்டரியிலிருந்து அதே லைனுக்கு 230 வோல்ட் கொடுத்துக்கொண்டிருக்கிறது. மறு ஒயரிங் செய்யும்போது இன்வெர்ட்டர் லைனுக்குத் தனி நியூட்ரல், தனி எம்.சி.பி., தனி ஆர்.சி.சி.பி. கொடுத்து, பெட்டியின் மேல் ‘இன்வெர்ட்டர்’ என்று தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். ஒயர் நிறமும் இப்படித்தான். கையில் மிஞ்சிய பச்சை ஒயரை சுவிட்சுக்குப் பேஸாக ஓட்டிவிட்டால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. பச்சையைப் பார்த்ததும் எர்த் என்று தொடுகிற அடுத்த கம்பியாளருக்கு ஆகும்.

நாற்பது ஆண்டாக ஒன்றும் நடக்கவில்லையே என்பவர்கள் இருக்கிறார்கள். அந்த நாற்பதில் முப்பது ஆண்டு அந்த ஒயரில் மூன்று ஆம்பியர் ஓடியது. இன்று ஓடுவதைத் தாங்கியதற்கு அது சாட்சியாகாது. செலவு என்பவர்களின் கவலை நியாயமானது; எல்லோரும் சுவரை உடைத்துப் புதிதாகச் செய்ய முடியாது. முடியாதபோது வரிசை முக்கியம். முதலில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.; சில ஆயிரம் ரூபாய். அதோடு எர்த் குழியைச் சரிசெய்வது, பெரிதாக்கிய எம்.சி.பி.களை ஒயருக்கு ஏற்றபடி மீண்டும் குறைப்பது. அடுத்து ஏ.சி., கீசர், சமையல்கட்டுக்குத் தனி லைன்கள். சுவரை வெட்ட மனமில்லையென்றால் மேலாக கேசிங் பட்டையில் ஓட்டலாம், பார்வைக்குக் கொஞ்சம் குறைவு, பாதுகாப்பில் குறைவில்லை. விளக்கு லைன்களின் சுமை எல்.இ.டி. வந்த பிறகு குறைந்திருக்கிறது. உறை நன்றாக இருந்தால் அவை காத்திருக்கலாம். அழகு ஸ்விட்ச் பிளேட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு ஆர்.சி.சி.பி.க்குக் காசில்லை என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

இதற்கெல்லாம் எலக்ட்ரீஷியனைக் குறை சொல்லி முடித்துவிடுவது அநியாயம். நாம் கூலி பேசுவதே பாயின்ட் கணக்கில். பாயின்ட்டுக்கு இவ்வளவு என்றால், ஒட்டில்லாமல் முழு நீளத்துக்கு ஒயர் இழுப்பவர் நட்டப்படுவார், ஒட்டுப் போடுபவர் பிழைத்துக்கொள்வார். சோதனை என்பது எந்தப் பாயின்ட்டிலும் சேராது. மெக்கரை வைத்து 500 வோல்ட்டில் ஒயர் உறையைச் சோதிக்க, எல்லாப் பொருளின் பிளக்கையும் உருவ வேண்டும், எல்.இ.டி. விளக்குகளைக் கழற்ற வேண்டும், ஒவ்வொரு லைனாகப் பிரிக்க வேண்டும். ஒரு மெகாஓமுக்குக் குறைந்தால் எந்த இடம் என்று தேட வேண்டும். அரை நாள் வேலை அது. அந்த அரை நாளுக்குத் தனியாகக் கூலி பேசுங்கள். வேலை முடிந்ததும் மூன்றைக் கையில் வாங்குங்கள்: எந்த லைன் எங்கே போகிறது என்ற படம், மெக்கர் அளவும் எர்த் தடையும் எழுதிய ஒரு தாள், சுவரைப் பூசி மூடுமுன் எடுத்த செல்பேசிப் படங்கள். ஆணி அடிக்கும் நாளில் அந்தப் படங்களின் அருமை தெரியும்.

கம்பியாளருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் தகுதிச் சான்று தர நம்மிடம் மின் உரிமம் வழங்கும் வாரியம் இருக்கிறது. வீட்டு ஒயரிங் எப்படி இருக்க வேண்டும் என்று ஐ.எஸ். 732, எர்த் எப்படி இருக்க வேண்டும் என்று ஐ.எஸ். 3043 சொல்கின்றன. விதிக்குக் குறைவில்லை. குறை, குடியிருக்கும் வீட்டின் மறு ஒயரிங்கை அந்த விதியோடு வைத்துப் பார்க்கும் ஒரு தருணம் இல்லாததுதான். அப்படி ஒரு தருணம் இயல்பாகவே வருகிறது என்று நினைக்கிறேன்: கூடுதல் மின்பளு கேட்டோ, சிங்கிள் பேஸை த்ரீ பேஸாக மாற்றக் கேட்டோ வீட்டுக்காரர் மின்வாரியத்தில் மனு கொடுக்கும் நாள். வீட்டின் சுமை ஏறிவிட்டது என்று அவரே எழுதிக் கொடுக்கும் நாள் அது. அந்த மனுவோடு, சான்று பெற்ற கம்பியாளர் கையெழுத்திட்ட மெக்கர் அளவு, எர்த் தடை, ஆர்.சி.சி.பி. விழும் நேரம் ஆகிய மூன்று எண்களையும் இணைத்தாக வேண்டும் என்று கேட்கலாம்; பெயருக்கு நிரப்பிக் கொடுப்பார்களே என்றால், நூற்றில் ஐந்து வீட்டையாவது மின்வாரியம் நேரில் அளந்து ஒத்துப்பார்க்கலாம். வாடகை வீடுகளுக்கு இது இன்னும் அவசியம், ஏனென்றால் குடியிருப்பவர் சுவரை உடைக்க முடியாது, சொந்தக்காரர் அந்தக் கீசரில் குளிப்பதில்லை. விதி வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. வாடகை ஒப்பந்தம் எழுதும்போது பெயின்ட், தண்ணீர் மோட்டார், முன்பணம் என்று பேசுகிற இடத்தில், போர்டைத் திறந்து 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பொத்தானை ஒருமுறை அழுத்திக் காட்டச் சொல்லலாம்.